வான்வழி வந்த உறைகள்

திருச்செந்தூருக்குத் தெற்கே, பனங்காடுகள் சூழ்ந்த தேரி நிலத்தை அடுத்து, உடன்குடி என்னும் ஊர் உள்ளது. கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்ந்தோருள் பலர், கடல் கடந்து சென்று பொருளீட்டியவர்கள். கொழும்பில் கடை வைத்து வாணிகம் செய்தோர் அவருள் மிகுதி. ஆதலின், அப்பகுதியின் பழைய வீடுகள் சிலவற்றில், பரண்மீது கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால், நிலப் பத்திரங்களுக்கும் கணக்கேடுகளுக்கும் இடையே, சணல் நூலால் கட்டிய கடிதக் கட்டு ஒன்றேனும் கிடைத்தல் கூடும்.

அத்தகைய கட்டு ஒரு சிறுவன் கையில் அகப்பட்டால் அவன் செய்வது யாது? உறையின் மூலையைக் கத்தரித்து, நீரில் ஊறவைத்து, அஞ்சல் தலையை மட்டும் உரித்தெடுத்து ஏட்டில் ஒட்டிக்கொள்வான். எஞ்சிய உறை அடுப்பங்கரைக்குச் செல்லும். முத்துக் குளித்த கடற்கரையில் பிறந்தவனுக்கு இஃது இயல்பாகவே தோன்றும். சிப்பியைப் பிளந்து முத்தை வைத்துக்கொண்டு ஓட்டை எறிவதன்றோ அக்கரையின் வழக்கம்? ஆனால் அஞ்சல் உறையின் இயல்பு வேறு. அங்கே ஓட்டின்மீதுதான் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மடல் எங்கே புறப்பட்டது, எந்நாளில் புறப்பட்டது, எவ்வூர்களைக் கடந்தது, எப்பொழுது வந்து சேர்ந்தது என்பனவற்றை உறையின் முன்னும் பின்னும் பதிந்த முத்திரைகளே கூறும். தலையை வெட்டி எடுத்தவன், சான்று கூறவிருந்தவனின் நாவை அறுத்தவன் ஆகிறான்.

கடல்வழி வந்த உறைகள் இக்கரைக்குப் புதியன அல்ல. 1914ஆம் ஆண்டு வரை தென்னாட்டினின்று இலங்கைக்குச் செல்வோர்க்குத் தூத்துக்குடியே தலைவாயிலாக இருந்தது. சென்னையினின்று புகைவண்டியில் வந்த அஞ்சற் பைகள் அங்கே படகில் ஏற்றப்பட்டன. கரையோரக் கடல் ஆழமற்றது. ஆதலின் பெரிய நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. படகினின்று கப்பலுக்கு மாறிய பைகள் மறுநாள் கொழும்பில் இறங்கின. 1914இல் பாம்பன் பாலமும் தனுக்கோடியினின்று தலைமன்னாருக்குக் கப்பல் வழியும் ஏற்பட்டபின், தூத்துக்குடியின் பழைய சிறப்புக் குறைந்தது. அக்காலத்து உறை ஒன்றை எடுத்து முத்திரைகளைப் பார்த்தால், அது தூத்துக்குடி வழி சென்றதா, தனுக்கோடி வழி சென்றதா என்பதை ஓரளவு கண்டுகொள்ளலாம். நிலத்தையும் நீரையும் நம்பிச் சென்ற மடல் பின்னர் வானத்தை நம்பிய வரலாற்றை இனிக் காண்போம்.

மடலை வானில் விடுக்கும் எண்ணம் வானூர்திக்கு முற்பட்டது. 1870இல் பிரஷியப் படை பாரிசு நகரை வளைத்துக்கொண்டபொழுது, நகரத்தார் கூண்டுகள் மூலம் மடல்களை வெளியே அனுப்பினர். காற்று எப்பக்கம் அடித்ததோ அப்பக்கமே கூண்டும் சென்றது. ஆதலின் அதனை ஒழுங்கான அஞ்சல் எனல் பொருந்தாது. அக்கூண்டுகளில் பறந்த மெல்லிய தாள்களை இன்றும் பலர் தேடிச் சேர்க்கின்றனர்.

வானூர்தியில் அரசு இசைவுடன் மடல் சென்ற முதல் நிகழ்ச்சி இந்திய நாட்டில்தான் நடந்தது. இதனை நம்மவருள் பலர் அறியார். 1911ஆம் ஆண்டு, இன்று பிரயாக்ராஜ் என வழங்கும் அலகாபாத்தில், ஐக்கிய மாகாணக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. வானூர்திகளைக் காட்டுதற்கு வால்ட்டர் விண்டம் என்னும் ஆங்கிலேயர் அங்கே வந்திருந்தார். அவ்வூர்த் திருச்சபைக் குரு ஒருவர், மாணவர் விடுதி ஒன்றற்குப் பொருள் திரட்ட வழி தேடி அவரை அணுகினார். வானூர்தியில் மடல் கொண்டு செல்லலாம் என்றும், மடலுக்கு ஆறு அணா சிறப்புக் கட்டணம் பெற்று அதனை விடுதிக்கு அளிக்கலாம் என்றும் முடிவாயிற்று. அஞ்சல் துறையும் இசைந்தது. உலக வான் அஞ்சலின் தோற்றத்தில், மாணவர்க்கு ஓர் உறைவிடம் அமைக்கும் அறச்செயல் கலந்திருத்தல் நினைக்கத்தக்கது.

1911 பிப்ரவரி 18ஆம் நாள் மாலை, ஆன்றி பெக்கே என்னும் 23 அகவைப் பிரெஞ்சு இளைஞர், ஏறத்தாழ 6,500 மடல்களைப் பையிலிட்டு எடுத்துக்கொண்டு அலகாபாத்தினின்று எழுந்தார். அவர் ஊர்ந்தது, மரச் சட்டங்களின்மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கை வானூர்தி. அமர்வதற்கு ஓர் இருக்கை இருந்ததேயன்றி, காற்றைத் தடுக்கும் மறைப்பு எதுவும் இல்லை. கீழே யமுனை. அதனைக் கடந்து, சுமார் 13 மணித்துளிகளில் அவர் நைனியில் இறங்கினார். பையை அங்கிருந்த அஞ்சல் அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். மடல்கள் அதன்பின் வழக்கம்போல் புகைவண்டியில் தத்தம் ஊர்களுக்குச் சென்றன. ஆற்றைப் பரிசிலில் கடப்பதற்குப் பிடிக்கும் நேரத்தைக் கொண்டு இச்செயலை அளத்தல் தகாது. பொறி ஒருமுறை இடையில் நின்றிருந்தால், அவரும் மடல்களும் யமுனையில் வீழ்ந்திருத்தல் கூடும்.

அன்று பறந்த உறைகளில் கருஞ்சிவப்பு மையில் வட்ட முத்திரை ஒன்று இடப்பட்டது. அதனுள் மலைகளுக்கு மேலே பறக்கும் வானூர்தியின் உருவமும், சுற்றிலும் முதல் வான் அஞ்சல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களும், ஊரின் பெயரும் ஆண்டும் உள்ளன. தலையில் யாதொரு சிறப்பும் இல்லை. நாளும் புழங்கிய அரசர் தலையே அதில் ஒட்டப்பட்டது. அதனை மட்டும் உரித்தெடுத்தால் அரைக்காசு பெறாது. முத்திரையோடு கூடிய முழு உறையே அரிய பொருள். அந்நிகழ்ச்சியின் ஐம்பதாம் ஆண்டாகிய 1961இல் இந்திய அஞ்சல் துறை மூன்று தலைகளை வெளியிட்டது. விண்டமோ இந்தியாவோடு அமையவில்லை. அதே 1911 செப்டம்பரில் இலண்டனை அடுத்த எண்டனுக்கும் விண்ட்சருக்கும் இடையே மடல்களைப் பறக்கச் செய்தார்.

இதன்பின் பல ஆண்டுகள் இந்தியாவில் வான் அஞ்சல் நிலைத்த வழியாக வளரவில்லை. 1929 மார்ச்சு 30ஆம் நாள் இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே இம்பீரியல் ஏர்வேஸ் குழுமம் வாராந்தரப் பயணத்தைத் தொடங்கிற்று. வழி முழுவதும் வான்வழி என்று எண்ணிவிட வேண்டா. ஐரோப்பாவின் ஒரு பகுதியைப் புகைவண்டியிலும், மத்தியதரைக் கடலைப் பறக்கும் படகிலும் கடக்க வேண்டியிருந்தது. எனினும் கப்பலில் இரு வாரத்திற்கு மேல் எடுத்த மடல் ஏழு நாளில் இந்திய மண்ணை அடைந்தது. அவ்வாண்டிலேயே இந்தியா வான் அஞ்சலுக்கெனத் தனியாக ஆறு தலைகளை அச்சிட்டது. ஆனால் கராச்சியில் இறங்கிய மடல் தென்னாட்டுக்குச் செல்ல, புகைவண்டியையே எதிர்பார்த்திருந்தது.

அக்குறையைப் போக்கியவர் இருவர். ஒருவர் சே. ஆர். டி. டாட்டா, மற்றவர் ஆங்கில வான்படையில் பணிபுரிந்த நெவில் வின்சென்ட். 1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை, டாட்டா ஒற்றைப் பொறி பூண்ட சிறிய பஸ் மாத் வானூர்தியில் கராச்சியினின்று தாமே மடற்பையுடன் புறப்பட்டார். செய்தி பேச வானொலிக் கருவி இல்லை. அகமதாபாத்தில் இறங்கியபொழுது எரிநெய்த் தகரங்களை மாட்டுவண்டி சுமந்து வந்தது! பழைய ஊர்தி புதிய ஊர்திக்கு உணவு கொண்டுவந்த காட்சி அது. பிற்பகல் பம்பாயில் சூகு என்னும் கடற்கரை வெளியில் அவர் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் மடல்களைப் பெற்றுக்கொண்டு, பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சூகு வெளி மழைக்காலத்தில் நீரில் மூழ்கும். அக்காலங்களில் பூனாவினின்று பறந்தார்கள். டாட்டாவின் பெயரைப் பலரும் அறிவர். வின்சென்ட்டை அறிந்தோர் சிலரே. சென்னைக்கு மடலை வான்வழி கொணர்ந்த அவர், 1942இல் போர்க்கால வான்பயணம் ஒன்றில் உயிர் நீத்தார்.

வான்வழி மேலும் தெற்கே நீண்டது. 1935இல் பம்பாயினின்று திருவனந்தபுரத்திற்கு டாட்டா வானூர்திகள் வந்தன. 1938 பிப்ரவரி இறுதியில், சென்னை வரை வந்த வழி திருச்சிராப்பள்ளியைத் தொட்டு, கொழும்பை அடுத்த இரத்மலானைக்குச் சென்றது. உடன்குடியாரின் மடல்களுக்கும் அதனால் புதுவழி திறந்தது. கொழும்புக் கடையில் இருந்த மகன் எழுதிய மடல், கடலைச் சில நாழிகைப் பொழுதில் தாண்டித் திருச்சிராப்பள்ளியில் இறங்கியது. அங்கிருந்து உடன்குடிக்கு வர எத்துணைக் காலம் ஆயிற்று? அதற்கு விடை உறையின் பின்புறத்தில் உள்ளது. வான்வழியில் மிச்சமான காலம் முழுவதும் கிளை வழியில் செலவாகியிருந்தாலும் வியப்பில்லை. நாளிதழும் நூலும் முதல் பயணத்தின் விழாவைக் கூறும்; அந்த வழி எளிய குடும்பத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை அந்த முத்திரையே கூறும்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. முதல் பயணங்களில் சென்ற உறைகளுள் பல, சேகரிப்போர் தமக்குத் தாமே விடுத்துக்கொண்டவை. அழகிய சிறப்பு முத்திரை இருக்கும். உள்ளே மடல் இராது. அவையும் போற்றத்தக்கனவே. ஆயினும், சரக்கு விலையைக் கேட்டும், நோயுற்ற தாயின் நலம் வினவியும், பணம் வந்ததா எனத் தவித்தும் எழுதிய மடல்களைத் தாங்கிய உறைகளே சிறந்த சான்றுகள். சேகரிப்போர் தம் உறைகளைப் பேணினர். வணிகர் தம் உறைகளைக் கிழித்தெறிந்தனர். அதனால் பின்னவை அரியவாயின.

உறையை ஆராய்வது எங்ஙனம்? புறப்பட்ட ஊரின் நாள் முத்திரையை முதலிற் படித்தல் வேண்டும். பின்னர் உறையைத் திருப்பி, இடைவழி முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் உள்ளனவா எனக் காண வேண்டும். நாள்களை வரிசைப்படுத்தினால் வழி தானே விளங்கும். வான் அஞ்சல் என்னும் நீலச் சீட்டு ஒட்டப்பட்டிருப்பதனாலேயே உறை வானில் பறந்தது எனத் துணிதல் கூடாது. சீட்டை ஒட்டிவிட்டுக் கட்டணத்தைக் குறைத்துச் செலுத்திய மடல் தரைவழியே சென்றிருத்தல் கூடும். ஒட்டிய தலைகளின் மதிப்பைக் கூட்டி, அக்காலத்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகவே. போலி முத்திரை இட்டு விற்போரும் உளர்; அவர்கள் பெரும்பாலும் பிடிபடுவது நாள்களில்தான். வானூர்தி புறப்படாத நாளைப் பொறித்த உறை தன் பொய்யைத் தானே உரைத்துவிடும்.

தலையே இல்லாத உறையும் மதிப்புப் பெறுவதுண்டு. 1935 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, கார்ட்டூம் நகரம் என்னும் பெயர் கொண்ட பறக்கும் படகு, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாத் துறைக்கு அண்மையில் எரிநெய் தீர்ந்து கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த பதின்மூவருள் ஓட்டியவர் ஒருவரே பிழைத்தார். கடலினின்று மடற்பைகள் எடுக்கப்பட்டன. நீரில் பசை கரைந்து பல உறைகளினின்று தலைகள் கழன்றுபோயின; எழுத்துகளும் கலைந்தன. அஞ்சல் துறையார் அவற்றை உலர்த்தி, கடல்நீரால் கெட்டன எனக் குறிப்பிட்டு உரியவர்க்குச் சேர்ப்பித்தனர். கறையும் சுருக்கமும் கொண்டு தலையிழந்து நிற்கும் அவ்வுறைகளைத் தேடுவோர் இன்றும் பலர். நீரே தலையை உரித்த பின்னும் உறை தன் செய்தியை இழக்கவில்லை.

கடற்கரை ஊர்களில் பழைய தாளுக்குப் பகை பல. உப்புக் காற்றின் ஈரம் தாளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கும். கறையானும் வெள்ளிப் பூச்சியும் பசையைத் தேடி வரும். ஆதலின் உறையை அட்டையில் பசையிட்டு ஒட்டலாகாது. ஒட்டினால் பின்புற முத்திரைகள் மறைந்துபோம். நெகிழித் தாளால் மூடி வெப்பத்தில் ஒட்டுவதும் தீங்கே. மடிப்பை நீக்க நீர் தெளித்தலும், கிழிசலில் ஒட்டுநாடா இடுதலும், முகவரி மங்கியதென்று மேலெழுதலும் தவிர்க்கத்தக்கன. அமிலமற்ற தாளுறையில் இட்டு, வெயில் படாத உலர்ந்த பெட்டியில், நிலத்திற்கு மேலே உயர்த்தி வைத்தல் போதும். உறைக்குள் மடல் இருந்தால் அதனைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வைக்கலாகாது. எழுதியவர் குடும்பத்தார் இருந்தால், அவர் இசைவின்றிப் படித்தலும் முறையன்று.

பெட்டி திறந்த வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், உறையின்மேல் உள்ள பெயர் யாருடையது, கொழும்பில் அக்கடை எத்தெருவில் இருந்தது, அவர் எவ்வாண்டில் ஊர் திரும்பினார் என்பவற்றைக் கேட்டுத் தனித் தாளில் எழுதி உறையோடு சேர்த்து வைத்தல் வேண்டும். முத்திரைகள் வழியையும் நாளையும் கூறும். மடலை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்தவர் யார் என்பதை அம்முதியவரே கூறல் கூடும்.