மாற்றிய பாகம் பழுதானால் கூலி யாருடையது?

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே பலருக்குத் துணையாயின. அவ்வீடுகளின் நீர்மூழ்கி மோட்டாருக்கும், நமது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாருக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. பழுது நேர்ந்தால் எழும் வழக்கும் ஒன்றே.

மோட்டாரில் மாற்றும் பாகத்தின் விலை சிறிதாயிருக்கலாம். ஆனால் கப்பி கட்டி, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மோட்டாரை மேலேற்றி மீண்டும் இறக்கும் கூலி பெரிது. புதிய பாகம் பத்தே நாளில் கெட்டால் கடைக்காரர் வேறொன்று தருவார். இரண்டாம் முறைக் கூலியை யார் ஏற்பது? இதனை மூன்று வகையாகப் பிரித்துக் காண்போம்.

1. பாகத்தை விற்றவரே பொருத்தியும் கொடுத்தால், பொறுப்பு முழுவதும் அவருடையது.

2. பாகத்தை நாம் வாங்கி, மெக்கானிக் செம்மையாகப் பொருத்தியிருந்தால், அவர் உழைப்புக்குக் கூலி தருவதே நியாயம். அக்கூலியை விற்றவரிடம் நட்டஈடாகக் கோரலாம். ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் நட்டத்திற்கு ஈடு பெற 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

3. பாகம் நன்றாயிருந்து, பொருத்தியதில் பிழை என்றால் மெக்கானிக் பொறுப்பு. கிணற்றில் நீரின்றி மோட்டாரை ஓட்டிக் கெடுத்திருந்தால் பொறுப்பு நம்முடையதே.

ஆகவே காரணத்தை மெய்ப்பிப்பதே முதல் வேலை. பழுதான பாகத்தை எறிந்துவிடலாகாது. ரசீது, உத்தரவாத அட்டை, இருமுறை கூலி கொடுத்த சீட்டு, பழுதின் காரணத்தை மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைக்கவேண்டும். 'பாகம் மட்டுமே மாற்றித் தரப்படும், கூலி சேராது' என அட்டையில் அச்சிட்டிருந்தால், வாங்குமுன் அதனைப் பேசித் தீர்ப்பது நலம். ஊராட்சி தரும் பணி ஆணையில், 'பாகம் பழுதானால் ஏற்றி இறக்கும் கூலியும் வழங்குபவரைச் சாரும்' என்று ஒரு வரி சேர்த்தால் பின்னர் வழக்கில்லை.

கடைக்காரர் இணங்காவிடில் எழுத்து மூலம் கேட்கவேண்டும். அதன்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். தம் பிழைப்புக்காகச் சொந்தமாக உழவு செய்பவரும் நுகர்வோரே. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை.

ஊராட்சிப் பணம் ஊரார் பணம். ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்குமுன், அது யார் கடன் என்று கேட்டறிவது உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.