வாழைத்தார் ஏற்றும் வண்டியின் பின்புற உயரம்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், ஜீயபுரம், லால்குடி பகுதிகளிலும் விளையும் வாழைத்தார்களை இன்று பெரும்பாலும் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டிகளே திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் கொண்டு சேர்க்கின்றன. பத்து மாதத்திற்கும் மேல் பாடுபட்டு வளர்த்த தார், இறுதி அரைமணிப் பயணத்தில் அடிபடுவதுண்டு. பச்சைக் காயில் பட்ட அடி உடனே தெரியாது. பழுக்கும்போது கருந்திட்டாக வெளிப்பட்டு விலையைக் குறைக்கும். இதற்கு வண்டியின் பின்புறம் அளவுக்கு மீறித் தாழ்ந்திருப்பதும் ஒரு காரணமாகும்.

பின்புறம் தாழ்ந்தால் என்ன தீமை?

பழைய வில் வண்டியில் இருந்தது போன்ற எஃகு வில்பட்டைகளே இவ்வண்டிகளின் பின்புறத்தைத் தாங்குகின்றன. பாரம் மிகுந்தால் பட்டை முழுவதும் அமுங்கி, அதன் தடுப்புக் கட்டையில் இடிக்கும். அப்போது ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் நேரே தார்களுக்குப் போய்ச் சேரும். மேலும் முன்சக்கரங்களின் சுமை குறைவதால் திருப்பத்தில் அவற்றின் பிடிப்பும், முன் பிரேக்கின் பலனும் குறையும். முகப்பு விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

முதலில் பாரத்தைச் சரிசெய்க

ஏற்றம் மிதிப்பவர் முன்னே நகர்ந்தால் ஒரு முனை தாழ்வதும், பின்னே நகர்ந்தால் மறு முனை தாழ்வதும் நாம் அறிந்ததே. வண்டியும் அப்படித்தான். இரு அச்சுகளுக்கும் இடையே 3 மீட்டர் தூரம் என்றும், தார் ஒன்று 15 கிலோ வீதம் 80 தார்கள், அதாவது 1,200 கிலோ, ஏற்றுவதாகவும் கொள்வோம். பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால், பின் அச்சு 1,080 கிலோவும் முன் அச்சு 120 கிலோவும் தாங்கும். அதே மையம் 30 செ.மீ. பின்னால் போனால் பின் அச்சின் மீது 1,320 கிலோ ஏறும். முன் அச்சிலோ முன்பிருந்த சுமையில் 120 கிலோ குறையும். ஆகவே தார்களை ஓட்டுநர் அறைப்பக்கமிருந்து அடுக்கத் தொடங்குவது நன்று. அடியிலும் பக்கங்களிலும் வாழைச் சருகு பரப்ப வேண்டும்.

காற்றுப் பை

சொகுசுப் பேருந்துகள் பலவற்றில் எஃகுப் பட்டைக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள் உள்ளன. பாரம் ஏறி உடல் தாழ்ந்தால், அச்சுடன் இணைந்த நெம்புகோல் ஒரு வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடும். குறித்த உயரம் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். பிக்கப் வண்டிகளில் வில்பட்டைக்குத் துணையாகச் சிறு பைகளைப் பொருத்தி, கையால் காற்று அடிப்பதும் உண்டு. அவ்வாறு உள்ள வண்டியில் கீழ்க்கண்டவாறு செய்யலாம்:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்க்கவும்.

2. பாரமில்லாதபோது, பின்சக்கர மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே வண்டி உடலின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இருபுறமும் அளந்து குறிக்கவும்.

3. பாரம் ஏற்றுமுன் பையில் காற்றைச் சிறிது கூட்டவும். ஏற்றியபின் மீண்டும் அளந்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கவும்.

4. வெறும் வண்டியின் உயரத்திற்கு மேல் தூக்கலாகாது. தூக்கினால் பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் இணைப்புகள் தேயும்.

5. பாரம் இறக்கியபின் காற்றைக் குறைக்கவும். பையை முற்றிலும் காலியாக்க வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த கீழெல்லை, மேலெல்லைகளுக்குள் அழுத்தம் இருக்கட்டும்.

6. இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்க்கவும். காற்றின் பலத்தில் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

எச்சரிக்கை

சில வண்டிகளில், பின்புறம் தாழும் அளவைக் கொண்டே பாரத்தை அறிந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு உண்டு. காற்றால் உயர்த்திவிட்டால் அது வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். எனவே பை பொருத்துமுன் தயாரிப்பாளரின் அனுமதி பெற்ற பணிமனையில் கேட்டறிவது அவசியம். தயாரிப்பாளரின் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது.

காற்றுப் பை வண்டியை நிமிர்த்துமே தவிர, அதன் தாங்கும் திறனைக் கூட்டாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே. வண்டி நிமிர்ந்து நிற்பதைக் கண்டு இன்னும் பத்துத் தார் ஏற்றலாம் என்று எண்ணுவது ஆபத்து. பதிவுப் புத்தகத்தில் கண்ட எடையை மீறினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் ஆகும்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் அளவோடு ஏற்றி, முன்தள்ளி அடுக்கி, உயரத்தை அளந்து பார்த்தபின் வண்டியைப் புறப்படச் செய்வார்களாக. ஓர் அளவு நாடாவும் ஐந்து நிமிட நேரமும் போதும். தாரும் தப்பும், ஆளும் தப்புவர்.