கைபேசிக் கடையில் கிடைக்கும் ஆலோசனை

கைபேசிக் கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் பரிந்துரை விற்பனையாளரின் அறிவையோ அறியாமையையோ மட்டும் பொறுத்தது அன்று. அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அந்த மாதத்தில் எந்த மாடலுக்கு ஊக்கத்தொகை கூட்டப்பட்டிருக்கிறது, கடையில் எந்தச் சரக்கு விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்னும் மூன்றுமே அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. தமக்கு மட்டுமின்றி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கைபேசி வாங்கத் துணைக்குச் சென்று பழகியவர்கள், ஒரே கடையில் ஒரே விலை வரம்பைச் சொல்லிக் கேட்டாலும் மாதத்துக்கு மாதம் வேறு வேறு பிராண்டு "பெஸ்ட்" ஆகிவிடுவதைக் கவனித்திருப்பார்கள். இந்த மாற்றத்தின் காரணத்தைப் புரிந்துகொள்வதும், அதற்கேற்பக் கேள்விகளை மாற்றிக்கொள்வதும் அத்தகைய அனுபவத்திலிருந்து கிடைக்கும் முதன்மையான பாடங்கள்.

கடைக்குள் சட்டைப்பையில் அடையாள அட்டையுடன் நிற்கும் எல்லோரும் கடையின் ஊழியர்கள் அல்லர். அவர்களுள் ஒரு பகுதியினர் புரமோட்டர்கள் எனப்படுபவர்கள். அதாவது கைபேசி நிறுவனமோ அதன் சார்பில் ஆள் வழங்கும் முகமையோ சம்பளம் கொடுத்து, அந்த நிறுவனத்தின் கைபேசிகளை விற்பதற்கென்றே கடையில் நிறுத்தி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு மாத இலக்கு உண்டு. கடை வழக்கில் அது டார்கெட். இலக்கில் எத்தனை விழுக்காட்டை எட்டினால் ஒரு கைபேசிக்கு எவ்வளவு தொகை என்பது படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கும். இந்தப் படிகளை ஸ்லாப் என்பார்கள். ஒரு ஸ்லாபைத் தாண்டுவதற்கு இரண்டு கைபேசிகள் குறையும்போது, மாதத்தின் கடைசி நாள்களில் கடைக்குள் வருபவரின் தேவை எதுவாக இருந்தாலும் அவர் கையில் திணிக்கப்படுவது அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகுதி. விற்கப்பட்ட ஒவ்வொரு கைபேசியும் அதற்கே உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு கணக்கில் ஏற்றப்படுவதால், இங்கே மதிப்பு பெறுவது விற்ற எண்ணிக்கை மட்டுமே. வாங்கியவர் நிறைவடைந்தாரா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கடையின் சொந்த ஊழியர்களும் இதற்கு வெளியே நிற்பதில்லை. நிறுவனங்கள் கடைக்காரருக்குத் தரும் லாப விகிதம் மாடலுக்கு மாடல் மாறுவதால், கடை முதலாளி எதைத் தள்ளச் சொல்கிறாரோ அதையே அவர்களும் முன்னிறுத்துகிறார்கள்.

கடைகளில் அடிக்கடி கேட்கும் "அது ஆன்லைன் பீஸ் சார், குவாலிட்டி கம்மி" என்னும் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014ஆம் ஆண்டில் சியோமி இந்தியாவுக்குள் நுழைந்தபோது கடைகளைத் தவிர்த்து இணையம் வழியாகவே விற்றது. இடைத்தரகரும் புரமோட்டரும் இல்லாததால் விலை குறைந்தது, அதே காரணத்தால் கடைக்காரருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. விவோ, ஓப்போ போன்ற நிறுவனங்கள் எதிர்த்திசையில் சென்று, சிற்றூர்க் கடைகள் வரை பெயர்ப்பலகைகளையும் புரமோட்டர்களையும் பரப்பின. அந்தப் பலகைகளின் நீல நிறமும் பச்சை நிறமும் கடைவீதிகளை மூடிய காலம் அது. தனக்கு வருமானம் தராத ஒரு பொருளைக் கடைக்காரர் குறைத்துப் பேசுவது அவருடைய நிலையில் இயல்பானதே. ஆனால் தரத்தைப் பற்றிய தீர்ப்பாக அது வாங்குபவரின் காதில் விழும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. பின்னாளில் சியோமியும் கடைகளுக்குள் வந்தது. அதன்பின் அதே கைபேசிகளின் "குவாலிட்டி" பல கடைகளில் சட்டென்று உயர்ந்துவிட்டதைக் கண்டவர்கள் பலர்.

பொதுவாகச் சொல்லப்படும் கருத்துகளுள் சிலவற்றை எடுத்து ஆராய்ந்தால், அவற்றில் உண்மை எவ்வளவு, விற்பனை எவ்வளவு என்பது தெளிவாகும். "இது கொரியா கம்பெனி, அது சைனா போன்" என்று நாட்டைக் காட்டித் தரத்தை நிறுவ முயல்வது அவற்றுள் ஒன்று. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்பதும் கையில் இருக்கும் கருவி எங்கே பொருத்தப்பட்டது என்பதும் வெவ்வேறு கேள்விகள். சாம்சங்கின் இந்தியக் கைபேசித் தொழிற்சாலை நொய்டாவிலும், விவோ, ஓப்போ ஆகியவற்றின் தொழிற்சாலைகள் அதையடுத்த கிரேட்டர் நொய்டாவிலும் உள்ளன. ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே தயாராகின்றன. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தாலே இந்த வாதம் முடிந்துவிடும்.

"மீடியாடெக் சிப்னா சூடாகும், ஸ்னாப்டிராகன்தான் நல்லது" என்பது இன்னும் பரவலான கருத்து. இது சற்று விரிவான விளக்கத்தைக் கோருகிறது. சிப் என்பது கைபேசியின் கணிப்பு வேலைகளைச் செய்யும் மையப் பகுதி. அது எவ்வளவு சூடாகும் என்பதை அதன் வடிவமைப்பும், அது எந்த ஆலையில் எந்த நுட்பத்தில் அச்சிடப்படுகிறது என்பதும், கைபேசிக்குள் வெப்பம் வெளியேற என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. 2015இல் வந்த ஸ்னாப்டிராகன் 810 சூடேறுவதற்கே பெயர்பெற்றது. பின்னர் சாம்சங் ஆலையில் தயாரான ஸ்னாப்டிராகன் 888, 8 ஜென் 1 ஆகியவற்றின் மீதும் அதே குறை சொல்லப்பட்டது. 2022இல் அதே 8 ஜென் 1 வடிவமைப்பு, சிறு மாற்றங்களுடன் 8 பிளஸ் ஜென் 1 என்னும் பெயரில் தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலைக்கு மாறியபோது வெப்பமும் மின்செலவும் குறைந்தன. அந்தத் தலைமுறையில் டி.எஸ்.எம்.சி. ஆலையிலேயே தயாரான மீடியாடெக்கின் டைமென்சிட்டி 9000 நன்றாகவே இயங்கியது. இரு நிறுவனங்களும் மலிவான சிப்பையும் செய்கின்றன, உயர்தரச் சிப்பையும் செய்கின்றன. ஆகவே பெயரை மட்டும் சொல்லி எண்ணைச் சொல்லாத விற்பனையாளர் தகவல் எதையும் தரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ரேம் விஷயத்தில் நடப்பது இதைவிட மோசமானது. ரேம் என்பது இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகளைக் கைபேசி தாங்கி வைத்திருக்கும் விரைவு நினைவகம். 8 ஜி.பி. ரேம் உள்ள கைபேசியில், படங்களும் கோப்புகளும் சேமிக்கப்படும் இடத்திலிருந்து இன்னொரு 8 ஜி.பி.யை ஒதுக்கி, அதற்கு விர்ச்சுவல் ரேம் என்று பெயரிட்டு, பெட்டியில் "8+8" என்று அச்சிடும் வழக்கம் உள்ளது. அந்த இரண்டாம் எட்டு உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. சேமிப்பிடத்தையும் அது தின்றுவிடுகிறது. கடையில் கூட்டல் குறி மறைந்து "பதினாறு ஜி.பி. ரேம்" ஆகிவிடுகிறது. கேமராவில் 108 மெகாபிக்சல் என்பதும் இதற்கு ஒப்பானதே. அத்தகைய கேமரா வழக்கமான முறையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது, படத்தின் தரத்தையோ ஒளியைப் பிடிக்கும் உணரியின் பரப்பும் லென்சும் மென்பொருளும் தீர்மானிக்கின்றன.

நீர் புகாமை பற்றிய வாக்குறுதி கடைக்காரரோடு நிற்பதில்லை. ஐ.பி.68 என்பதில் முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் தாங்கும் அளவைக் குறிக்கிறது. ஆனால் அது ஆய்வகத்தில் நன்னீரைக் கொண்டு செய்யப்படும் சோதனை, கடல்நீருக்கோ நீச்சல்குளத்து நீருக்கோ அது உறுதி தருவதில்லை. இவ்வகை நீரில் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை ஏற்படுத்திய விளம்பரங்களுக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2022இல் சாம்சங்கின் ஆஸ்திரேலியக் கிளைக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நிறுவனமே இப்படிப் பேசும்போது, அதன் விளம்பரத்தைப் பாடமாகக் கற்று வரும் புரமோட்டர் "தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்பதில் வியப்பில்லை. நீரால் வரும் பழுது பெரும்பாலும் வாரண்டிக்குள் அடங்காது என்பதைச் சேர்த்துச் சொல்பவர்தான் அரிது.

கடையில் நிகழும் ஓர் உரையாடலை அருகிலிருந்து நோக்கினால், பிழை எங்கே நுழைகிறது என்பது புலப்படும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "எழுத்து பெருசாத் தெரியணும், பேசுறது நல்லாக் கேக்கணும், பதினஞ்சாயிரத்துக்குள்ள காட்டுப்பா" என்கிறார். அவர் ஒரு பிராண்டின் பெயரைச் சொன்னதும் விற்பனையாளர், "அது வேணாம்மா, அதுக்கு சர்வீஸே கிடையாது. இதப் பாருங்க, கேமரா நூத்தியெட்டு, ரேம் பதினாறு" என்கிறார். ஆசிரியை கேட்டது திரையையும் ஒலியையும். கிடைத்தது கேமராவும் ரேமும். வேறொரு நிறுவனத்தைப் பற்றிய பழி, கேட்கப்படாத இரண்டு எண்கள், இவற்றுக்கு நடுவே அவருடைய தேவை காணாமல் போய்விட்டது. அவர் விடாமல், "சர்வீஸ் இல்லைன்னா எங்கப்பா இல்லை? இதோட சர்வீஸ் சென்டர் நம்ம ஊர்ல எந்தத் தெருவுல இருக்கு?" என்று கேட்கும்போது பேச்சின் போக்கே மாறுகிறது, ஏனெனில் "நல்லது", "கெட்டது" என்பவற்றுக்கு எந்தப் பதிலும் பொருந்தும், தெருப்பெயருக்கு ஒரே பதில்தான் பொருந்தும்.

இந்த உத்தி எல்லாக் கைபேசிக்கும் பொருந்தும். எது சிறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, கடையிலேயே சரிபார்க்கக்கூடிய விடை உள்ள கேள்விகளைக் கேட்பது பயன் தருகிறது. டெமோ பீஸ் எனப்படும் காட்சிக் கைபேசியில் அமைப்புகளைத் திறந்து, அதைப் பற்றிய விவரப் பக்கத்தில் ரேமைப் பார்த்துவிடலாம். ஆண்ட்ராய்டு மேம்பாடும் பாதுகாப்புத் திருத்தங்களும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று கேட்டு, விடையை நிறுவனத்தின் தளத்தில் ஒப்பிடலாம். 2023இல் பிக்சல் 8, 2024இல் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு உறுதி தரப்பட்ட நிலையில், அதே கடையின் மலிவு மாடல்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூட இல்லை என்பதும், வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துவோருக்குக் கேமராவைவிட இதுவே முதன்மையானது என்பதும் கடையில் எவரும் தாமாக எடுத்துச் சொல்லாதவை.

பெட்டியைக் கையில் வாங்கியதும் சீட்டில் தயாரிப்பு மாதம், அதிகபட்ச விலை, ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். இலக்கை எட்டுவதற்காக விற்காத கைபேசியை முன்னரே இயக்கிக் கணக்குக் காட்டிவிட்டு, பிறகு அதைப் புதியதாக விற்கும் பழக்கமும் சில கடைகளில் உண்டு. அப்படிப்பட்ட கைபேசியின் வாரண்டி வாங்கியவர் கைக்கு வரும் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். பணம் கட்டுவதற்கு முன் ஐ.எம்.இ.ஐ. எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு வாரண்டித் தொடக்க நாளைப் பார்ப்பது இதற்கு நேரடியான மருந்து. பெட்டியைத் திறந்தபின் *#06# என்று அழுத்தித் திரையில் வரும் எண்ணைச் சீட்டிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

தவணைத் திட்டத்திலும் கவனம் தேவை. வட்டியே இல்லாத தவணை என்று விளம்பரப்படுத்துவது குறித்து ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளை எச்சரித்தது. வட்டி ஏதேனும் ஒரு வடிவில், கட்டணமாகவோ கைவிடப்பட்ட தள்ளுபடியாகவோ, உள்ளே இருக்கிறது என்பதே அதன் கருத்து. கடன் தரும் நிறுவனம் ஆண்டு விழுக்காட்டு வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தரவேண்டும். அதைக் கேட்டு வாங்கி, ரொக்கத்துக்குக் கடை தரும் கடைசி விலையோடு வைத்துப் பார்த்தால் உண்மையான செலவு தெரிந்துவிடும்.

விற்பனையாளரை எதிரியாக நடத்துவதால் பயன் எதுவும் இல்லை. நாள் முழுதும் நின்றுகொண்டே இலக்கைத் துரத்தும் இளைஞர்கள் அவர்கள், நேரடியாகக் கேட்டால் நேரடியாகச் சொல்பவர்களும் அவர்களுள் உண்டு. "இந்த மாடலுக்கு உங்களுக்கு இன்சென்டிவ் இருக்கா தம்பி?" என்று பரிவோடு கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே ஆம் என்று சொல்லி, ஊக்கத்தொகை இல்லாத நல்ல மாடலை எடுத்துக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். பொறுப்பு, சம்பளத்தை எண்ணிக்கையோடு மட்டும் பிணைத்து வைத்திருக்கும் நிறுவனங்களையே முதலில் சாரும்.

சட்டம் இதில் பலரும் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன் 2(47) பிரிவு, பொருளின் தரத்தைப் பற்றி வாய்மொழியாகப் பொய் சொல்வதையும், பிறர் பொருளைத் தவறான தகவல்களால் தாழ்த்திப் பேசுவதையும் முறையற்ற வணிக நடைமுறையாகவே வரையறுக்கிறது. ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதில் அடங்கும். வாய்ச்சொல்லை நிறுவுவது கடினமாகையால், முக்கியமான உறுதிமொழியை விற்பனையாளரிடம் ரசீதின் பின்புறத்திலோ வாட்ஸ்அப்பிலோ எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தரத் தயங்கும் உறுதிமொழி எத்தகையது என்பது அப்போதே தெரிந்துவிடும். கடையும் நிறுவனமும் கைவிரித்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.