அம்மன் காசு: தேய்வும் அச்சுக்குறையும்

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட அம்மன் காசு சிறியதொரு செப்புக்காசு. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் அமர்ந்த கோலம். மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்னுஞ் சொல். நவராத்திரியில் ஏழையர்க்கு அரிசியோடு வழங்கப்பெற்ற இக்காசு கடைத்தெருவிலும் புழங்கிற்று. 1948-இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. இன்று இக்காசு சேகரிப்போர் பேழைகளிலேயே உள்ளது.

தேவியின் திருமுகம் மழுங்கிய காசொன்றைக் காணின், அது கைபட்டுத் தேய்ந்ததோ, அச்சிடுங்காலத்தே சரிவரப் பதியாததோ என்னும் ஐயம் நிகழும். இவ்விரண்டையும் பகுத்தறியாது மதிப்பிடின், புழங்காத காசைத் தேய்ந்ததெனத் தள்ளுவோம். தேய்ந்த காசிற்கு மிகைவிலை கொடுப்போம்.

தேய்வு மேட்டிலே தொடங்கும். உயர்ந்த பகுதிகள் முதலில் வழவழப்பாகும். பின்னர் எழுத்தின் விளிம்புகளும் மழுங்கும். அச்சுக்குறையோ இவ்வொழுங்கைப் பின்பற்றாது. அச்சின் ஆழத்துட் செம்பு ஏறாமையால் ஓரிடம் மங்கும். அருகிலுள்ள விளிம்போ கூர்மையாக நிற்கும். மங்கிய இடத்தில், அச்சிடுமுன் செப்புவில்லைக்கிருந்த சொரசொரப்பு எஞ்சும். அதற்கு நேரான மறுபுறமும் பெரும்பாலும் மங்கியிருக்கும்.

ஆகவே காசை ஒளியிற் சாய்த்துப் பிடித்து இருபுறமும் ஒப்புநோக்குவோமாக. புளியிட்டுத் துலக்கலாகாது, துலக்கின், தீர்ப்புக்குரிய சான்றே அழியும்.