பேனலில் உட்காரப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10 வயது நிறைந்த பிள்ளையைக் குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தலாம். முதல் தடவையாக வந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது ‘ரெஃபரல் ஆர்டர்’. 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை. அந்த மாதங்களில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று நீதிபதி சொல்வதில்லை. பேனல் என்கிற சிறு குழு பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசி ஓர் ஒப்பந்தம் எழுதுகிறது. குழுவில் இளையோர் நீதிப் பிரிவின் அலுவலர் ஒருவர் இருப்பார். அவரோடு குறைந்தது இரண்டு ஊர்க்காரர்கள், சம்பளம் இல்லாமல். 1999இல் சட்டமாகி, 2002 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த ஏற்பாடு இது. லண்டன் தமிழர்களில் சிலர் இந்தத் தொண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். சட்டத்தைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

1. அறிவுரை சொல்லாதீர்கள். எண் போட்டு அறிவுரை எழுதுகிற கிழவன் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் நம்மவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். பதினைந்து வயதுப் பையன் எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்தால் நமக்கு நாக்கு நிற்காது. “உன் அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு இந்த நாட்டுக்கு வந்தார்கள் தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவோம். அவனுக்குத் தெரியும். வீட்டில், பள்ளியில், போலீஸ் நிலையத்தில், கோர்ட்டில் எல்லோரும் சொல்லியாயிற்று. தலையாட்டியே ஆளைச் சோர வைப்பதில் அவன் தேர்ந்தவன். நீங்கள் பேசுகிற நேரமெல்லாம் அவனுக்கு ஓய்வு. தான் செய்ததை அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். கஷ்டமான வேலை அதுதான், அதை அவனுக்கு விட்டுவிடுங்கள்.

2. “ஏன் செய்தாய்?” என்று கேட்டால் “தெரியாது” என்று பதில் வரும். பல நேரம் அது பொய்யும் இல்லை. என்ன நடந்தது, அந்த நேரம் மனசில் என்ன ஓடியது, இதனால் யாருக்கெல்லாம் பாதிப்பு, சரிசெய்ய என்ன செய்யலாம் என்று வரிசையாகப் போங்கள். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரில் டெரி ஓ’கானல் என்ற போலீஸ் சார்ஜண்ட் இளையோர் சந்திப்புகளை நடத்தியபோது இந்த மாதிரிக் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டார். இன்று பல நாடுகளில் கையில் கொடுக்கப்படும் கேள்வித் தாள்கள் அதன் வழி வந்தவை. யாருக்குப் பாதிப்பு என்ற கேள்விக்குப் பையன்கள் முதலில் சொல்வது, “எனக்கு, என் அம்மாவுக்கு.” கோபப்படாதீர்கள். “வேறு யாருக்கு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புதியவர்களால் அந்த மௌனத்தைத் தாங்க முடிவதில்லை; பதிலையும் தாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

3. பாதிக்கப்பட்டவரின் நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும். இதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். 1974இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில், இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் உடைத்து நொறுக்கினார்கள். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அலுவலர், நீதிபதியின் ஒப்புதலோடு, அவர்களை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கூட்டிப்போய் நஷ்டத்தைக் கேட்கவைத்தார். மறுசீரமைப்பு நீதி என்று இன்று நாம் பேசுவது அங்கிருந்துதான் வளர்ந்தது என்பார்கள். அந்தக் கதையைப் படித்துவிட்டுத் தொண்டுக்கு வருகிறவர்கள் சீக்கிரமே ஏமாந்து போகிறார்கள். ரெஃபரல் ஆர்டரை நாடெங்கும் விரிக்கும் முன் நடந்த வெள்ளோட்டத்தை ஆராய்ந்தவர்கள், 13 சதவீத வழக்குகளில்தான் பாதிக்கப்பட்டவர் பேனலுக்கு வந்தார் என்று கண்டார்கள். வராதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்கு விடுப்புப் போட வேண்டும். பையன் கூட்டாளிகளோடு வாசலில் நிற்பானோ என்ற பயம் இருக்கும். அழைப்பே ஒரு வறட்டுக் கடிதமாகத்தான் போயிருக்கும். எழுத்திலாவது அவர் என்ன சொன்னார் என்று அலுவலரிடம் முன்னதாகவே கேளுங்கள். செல்போனைப் பறிகொடுத்த பெண் அதற்குப் பிறகு இருட்டினால் பஸ் ஏறுவதில்லை என்ற ஒரு வரி கிடைத்தால் போதும், கூட்டத்துக்கு உயிர் வந்துவிடும்.

அவர் நேரில் வந்தால் யார் முதலில் உள்ளே வருவது, யார் எங்கே உட்காருவது என்பதையெல்லாம் முன்பே தீர்மானித்து வையுங்கள். இரண்டு தரப்பும் ஒரே வரவேற்பறையில் காத்திருக்கும்படி விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேள் என்று பையனை நெருக்காதீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் சாடை காட்டவும் கூடாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் பாடு.

4. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வந்தாக வேண்டும். நம் அம்மாக்கள் பிள்ளைக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள், அழுவார்கள். அவமானம் அவர்களைத் தின்றிருக்கும். அவர்களுக்கு என்று தனியாகக் கொஞ்ச நேரம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பையனிடம் திரும்பி, “அம்மா சொன்னதைக் கேட்டாயே, நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கலாம். அப்பா பிள்ளையை அங்கேயே திட்டத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள், மரியாதையாக.

5. தெரிந்த குடும்பம் என்றால் விலகிவிடுங்கள். கோயில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கல்யாண மண்டபம் என்று லண்டன் தமிழருக்கு ஊர் மிகச் சிறியது. “நீங்கள் எங்கட ஆக்கள்தானே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ” என்று ஒரு தாய் சொல்லிவிட்டால் அதன் பிறகு உங்கள் முகத்தை நடுவர் முகமாக வைத்திருக்க முடியாது. மொழிபெயர்ப்பாளராகவும் மாறாதீர்கள். அதற்கு ஆள் ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ ஒரு பெயர்கூடச் சொல்லக் கூடாது.

6. ஒப்பந்தத்தில் ஊரிலுள்ள நல்லதையெல்லாம் அடைக்காதீர்கள். குத்துச்சண்டை வகுப்பு, போதை ஆலோசனை, பூங்கா வேலை, மன்னிப்புக் கடிதம், வேலை தேடும் பயிற்சி என்று எழுதும்போது தாள் அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரமே பையன் தவறவிடுவான். தவறினால் கோர்ட் வரை போகலாம். பரீட்சை எப்போது, பஸ் எத்தனை மாற வேண்டும் என்று கேளுங்கள். முக்கியமாக, அந்த இடத்துக்கு அவன் பயமில்லாமல் போக முடியுமா என்று கேளுங்கள். சில பையன்களுக்குப் பக்கத்துப் போஸ்ட்கோடு எதிரி நாடு. கத்திக்குத்து பயத்தை அவன் சாக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

மன்னிப்புக் கடிதத்தை நீங்கள் சொல்லச் சொல்ல எழுத வைக்க வேண்டாம். எழுத்துப் பிழையோடு நாலு வரி இருந்தாலும் அவனுடையதாக இருக்கட்டும். அலுவலர் அதைப் படித்துப் பார்ப்பார். பாதிக்கப்பட்டவர் வேண்டும் என்றால்தான் அவர் கைக்குப் போகும். அதையும் பையனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

7. இதனால் குற்றம் குறையுமா என்று கேட்பார்கள். பெருமை பேசாதீர்கள். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஜோவானா ஷாப்லண்ட் குழு மூன்று மறுசீரமைப்பு நீதித் திட்டங்களை ஆராய்ந்து, மீண்டும் தண்டனை பெறும் எண்ணிக்கை குறைந்தது என்று 2008இல் எழுதியது. அது 14 சதவீதம் என்பது பின்னால் அரசு போட்ட கணக்கு. நேரில் சந்தித்தவர்களில் பாதிக்கப்பட்ட தரப்பில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். ஆனால் அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் வயது வந்தவர்கள், பெரும்பாலும் இரு தரப்பும் முகம் பார்த்துப் பேசிய கூட்டங்கள் அவை. காலி நாற்காலியோடு நடக்கிற நம் பேனலுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்டர் நடக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபார்வைக் கூட்டம் வரும். அதற்குள் பையன் வேறொரு வழக்கில் சிக்கியிருக்கவும் கூடும். அதற்காக ராஜினாமா எழுத வேண்டாம்.

8. ஆர்டர் முடிகிற அன்றே அந்தத் தீர்ப்பு ‘ஸ்பென்ட்’ ஆகிவிடும். சாதாரண வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளோடு, நோயாளிகளோடு பழகும் வேலைகள் போன்ற சிலவற்றில் மட்டும் ஆழமாகத் தோண்டுவார்கள். கடைசிக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் முதல் கூட்டத்திலேயே இதை விளக்குங்கள். அதைக் கேட்டுத்தான் பல பையன்கள் முதன்முறையாக நிமிர்ந்து உட்காருவார்கள்.

9. பஸ் காசுக்கு விண்ணப்பம் போடுங்கள். “தொண்டுக்குப் போய்க் காசா?” என்று நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள். நீங்கள் வாங்காமல் விட்டால், இரவு ஷிப்டு முடித்துவிட்டு வரும் இளம் தொண்டருக்குக் கேட்க நாக்கு எழாது. கடைசியில் ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவர்கள் மட்டும் பேனலில் மிஞ்சுவோம். அந்தப் பையன்களின் தெருவில் வாழ்கிறவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். அதனால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.