அம்பரும் நம் கடைக் குங்கிலியமும்



குங்கிலியம் நமக்குப் புதிய சரக்கல்ல. தூபத்துக்கும் நாட்டு மருந்துக்கும் தினமும் நிறுத்துக் கொடுக்கிறோம். மரப்படகின் பலகை இடுக்கை அடைக்க, அதை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது பழைய வழக்கம். இந்தச் சரக்குக்குக் கோடிக்கணக்கான ஆண்டு வயதுள்ள மூத்த உறவு ஒன்று உண்டு. அதுதான் அம்பர்.

மரம் காயம்பட்டால் பிசின் வடியும். அது மண்ணில் புதைந்து, நெடுங்காலம் இறுகினால் அம்பர் ஆகும். பார்க்கக் கல் போலிருந்தாலும் அது கல் அல்ல. ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இது மிகுதி. மாலை, ஜபமாலை, வார்னிஷ் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. துணியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும். கிரேக்கர் இதை 'எலெக்ட்ரான்' என்றார்கள். மின்சாரத்தின் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்ததே.

நம் நாட்டிலும் அம்பர் உண்டு. குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் சுரங்கத்தில், நெய்வேலியில் வெட்டுவது போன்ற பழுப்பு நிலக்கரியோடு கிடைக்கிறது. வயது சுமார் 5 கோடி ஆண்டுகள். அதில் சிக்கிய 700க்கும் மேற்பட்ட பூச்சிகளை ஆராய்ந்து 2010இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். அந்தப் பிசின் குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் கண்டார்கள்.

இந்த உறவுதான் ஏமாற்றுக்கும் இடம் தருகிறது. ஒருமுறை ஒருவர் தேன் நிறக் கட்டிகளைக் கொண்டுவந்து, அம்பர் என்று பெரிய விலை சொன்னார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டேன், விரல் ஒட்டியது. நம் மூட்டைக் குங்கிலியமேதான்!

நினைவில் வைக்க வேண்டியவை:

1. அந்தத் திரவம் பட்டால் புதுப் பிசின் பிசுபிசுக்கும், அம்பர் ஒட்டாது.

2. நிறைய உப்புக் கரைத்த நீரில் அம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். குங்கிலியமும் மிதக்கும் என்பதால் முதல் சோதனையை விட்டுவிடக் கூடாது.

3. திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் அம்பர்கிரிஸையும் சிலர் 'அம்பர்' என்பார்கள். அது வேறு சரக்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. கடலோரத்தில் கடை நடத்தும் நம்மிடம் எவர் கொண்டுவந்தாலும் தொடக் கூடாது.

திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார், நெல் வாங்கக் கொடுத்த மனைவியின் தாலியைத் தந்து குங்கிலியப் பொதி வாங்கினார். வாங்குபவர் அந்த நம்பிக்கையோடு வருகிறார். சரக்கை அறிந்து, அதன் பெயரைச் சரியாகச் சொல்லி நிறுப்பது நம் கடமை.