சத்தம் வரவில்லையா? பழுதை எங்கே தேடுவது

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்திற்காக ஒரு கதை டிவிடியைப் போட்டிருந்தேன். எங்கள் பள்ளிக் கணினியில் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். புரொஜெக்டரில் படம் தெளிவாக ஓடியது; சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கரின் திருகை முழுவதும் திருப்பியும் பயனில்லை. "படம் தெரியுதே, அது போதும் சார்" என்றார்கள் பின்வரிசைப் பிள்ளைகள். முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "சார், இன்னும் போடலையா?" என்று கேட்டாள். அவளுக்குப் பார்வை மிகக் குறைவு. மற்றவர்களுக்குப் பாதிப் பாடம் போயிற்று. அவளுக்கு முழுப் பாடமும் போயிற்று.

"லினக்ஸை அழித்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டால் சரியாகிவிடும்" என்று சக ஆசிரியர்கள் சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் கணினியில் சேர்த்து வைத்திருந்த பாடங்களும் அழிந்திருக்கும். உண்மையில் பழுது இருந்தது ஒரு சிறிய தேர்வில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பழுது ஒலியிலா, டிவிடியிலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பாட்டையோ ஒலிக்கோப்பையோ ஓட விடுங்கள். அதுவும் கேட்கவில்லை என்றால் பழுது ஒலியில். அது நன்றாகக் கேட்டு, டிவிடி மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது வட்டிலோ, வட்டைப் படிக்கும் டிரைவிலோ, மென்பொருளிலோ.

ஒலி: வெளியிலிருந்து உள்ளே

1. ஸ்பீக்கருக்கு மின்சாரம் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அதன் வயரைக் கழற்றி ஒரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம், பழுது ஸ்பீக்கரில்.

2. கணினியின் பின்புறத் துளைகளைப் பாருங்கள். பொதுவாகப் பச்சை ஒலி வெளியே வருவதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. மேசையை நகர்த்திப் பெருக்கிய பிறகு வயர் இடம் மாறிப்போவது பள்ளிகளில் அடிக்கடி நடப்பது.

3. அமைப்புகளில் 'ஒலி' பகுதியைத் திறந்து 'வெளியீடு' என்பதைப் பாருங்கள். எங்கள் பழுது இங்கேதான் இருந்தது. விஜிஏ வயர் படத்தை மட்டுமே கொண்டுபோகும். எச்டிஎம்ஐ வயர் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். அன்று நான் முதன்முதலாக எச்டிஎம்ஐ வயரைப் பயன்படுத்தியிருந்தேன். கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் புரொஜெக்டரில் ஸ்பீக்கர் கிடையாது. வெளியீட்டை 'அனலாக்' என்று மாற்றினால் ஒலி மேசை ஸ்பீக்கருக்குத் திரும்பும்.

4. அப்படியும் கேட்கவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து 'ஆல்சாமிக்சர்' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள். வரிசையாகச் செங்குத்துப் பட்டைகள் தெரியும். பட்டையின் அடியில் இரண்டு 'எம்' இருந்தால் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இடவல அம்புக்குறிகளால் அந்தப் பட்டைக்குச் சென்று எம் விசையை அழுத்தினால் இரண்டு சுழியமாக மாறும், வழி திறந்துவிட்டது. மேல் அம்புக்குறி ஒலியைக் கூட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருந்தால் எஃப்6 விசையால் தேர்ந்தெடுக்கலாம். எஸ்கேப் விசை வெளியே கொண்டுவரும்.

இங்கே நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாலை பதற்றத்தில் நான்கைந்து இடங்களில் ஒரே நேரத்தில் கைவைத்தேன். அப்போது என்னை அறியாமலே இந்தத் திரையில் முதன்மைப் பட்டையை அடைத்துவிட்டேன். அதனால் மறுநாள் வெளியீட்டைச் சரியாக மாற்றிய பிறகும் சத்தம் வரவில்லை. சரியான தீர்வைத் தவறு என்று நினைத்துக் கைவிட இருந்தேன். ஒரு காரணியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்று அறிவியல் சோதனையில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே விதி இங்கேயும். ஒன்றை மாற்றுங்கள், கேட்டுப் பாருங்கள், பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டிவிடி ஓடாதபோது

1. டிரைவின் முகப்பில் டிவிடி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சிடி மட்டும் படிக்கும் பழைய டிரைவ் டிவிடியைப் படிக்காது.

2. வட்டை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தகவல் பதிந்துள்ள தடத்தின் வழியே நீண்டு, படிப்பதைக் கடினமாக்கும்.

3. வேறொரு டிவிடியைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் டிரைவ் நலமாக இருக்கிறது.

4. நாமே பதிவு செய்த வட்டு ஓடி, கடையில் வாங்கிய திரைப்பட வட்டு மட்டும் ஓடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பூட்டு. விற்பனைக்கு வரும் டிவிடிகள் பலவற்றில் 'சிஎஸ்எஸ்' என்னும் மறையாக்கம் உண்டு. சட்டச் சிக்கல் கருதி, அதைத் திறக்கும் நிரலைப் பல லினக்ஸ் வெளியீடுகள் தம்முடன் சேர்த்துத் தருவதில்லை. டெபியன், உபுண்டு வகைகளில் 'லிப்டிவிடி-பிகேஜி' என்ற தொகுப்பு இதற்கு உண்டு. சினாப்டிக்கில் 'லிப்டிவிடி' என ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்கும். நிறுவும்போது இணைய இணைப்பு வேண்டும். முறையாக வாங்கிய வட்டை வகுப்பில் காட்டுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும்.

5. வட்டுகளுக்கு மண்டல எண்ணும் உண்டு. இந்தியாவுக்கு உரியது 5. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். எனவே அதில் விளையாட்டாகக் கைவைக்க வேண்டாம்.

6. விஎல்சியில் படம் ஓடி ஒலி மட்டும் இல்லை என்றால், 'ஆடியோ' பட்டியலில் ஒலித்தடம் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல மொழி வட்டுகளில் வேண்டிய மொழியையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம்.

வகுப்புக்கு முந்தைய நாள்

இப்போது ஒலி, ஒளிப் பாடம் இருந்தால் முந்தைய நாள் மாலையே அதே வயர், அதே வட்டு, அதே அறை என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறோம். மேற்சொன்ன படிகளை ஓர் அட்டையில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். சரி செய்தவர் தேதியுடன் என்ன செய்தார் என்று அதன் கீழே எழுதுகிறார். அடுத்த முறை வேறு ஆசிரியர் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

சோதித்துச் சொல்வது அந்த மாணவியின் பொறுப்பு. லினக்ஸில் 'ஸ்பீக்கர்-டெஸ்ட்' என்ற கட்டளை உண்டு. உரிய தெரிவுகளுடன் கொடுத்தால் இடப்பக்க ஸ்பீக்கரிலும் வலப்பக்க ஸ்பீக்கரிலும் மாறி மாறி ஆங்கிலத்தில் பக்கத்தின் பெயரைச் சொல்லும். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேட்பாள். சென்ற வாரம், "சார், லெஃப்ட்னு சொல்றது வலது பக்கம் கேக்குது" என்றாள். எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தோம்.